மூன்று தரம் விலை கேட்கிற ஆட்கள்

சுன்னாகம் சந்தைப் பக்கத்துக் கடைகளில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை. நான் படி ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் அடக்கமாகச் சொல்லும்: "மூண்டு தரம் வாறா." முதன்முதல் அது காதில் விழுந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடையை இரண்டாக்கியிருப்பேன். பக்கத்தில் நின்ற என் கணவர்தான் கையைப் பிடித்து, "விடும், உண்மையைத்தானே சொல்லுறாங்கள்" என்றார்.

இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. அது எப்படி எனக்கு வந்தது என்று சொல்வதானால் என் தாலிக்கொடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பதினொரு பவுண் கொடி அது. என் ஐயா புகையிலை விற்ற காசை வருடம் வருடமாகச் சேர்த்துச் செய்வித்தது. எங்கள் பக்கத்துச் சனம் கலியாண வீட்டில் பொம்பிளையின் முகத்தைப் பிறகுதான் பார்க்கும், முதலில் கொடியின் பருமனைத்தான் பார்க்கும். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. மற்றப் பெண்கள் கொடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நல்லநாள் பெருநாளுக்கு எடுப்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கோயிலுக்கும் போடுவேன், கடைக்கும் போடுவேன். ஐயா எனக்குத் தந்ததை நாலு பேர் பார்க்கட்டுமே என்பது என் எண்ணம்.

என் கணவர் அளவெட்டிக்காரர். எனக்குச் சீதனமாகத் தந்த இந்த இணுவில் வீட்டுக்கு ஒரு சூட்கேசோடும் இரண்டு நல்ல காதுகளோடும் வந்து சேர்ந்தார். நாதசுரக்காரர்களின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்த மனிதர். அவருக்கு ஊதத் தெரியாது. ஆனால் இரண்டு ஒழுங்கை தள்ளி எங்காவது மேளம் தொடங்கினால் போதும், சோற்றில் வைத்த கையை நிறுத்திவிட்டு, "தவில்காரனுக்கு இண்டைக்குக் கை சரியில்லை" என்பார். சுன்னாகத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் அவருக்குக் கணக்கெழுதுகிற லிகிதர் வேலை. நான் மகளையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்து சட்டை தைப்பேன். பெரிய வருமானம் இல்லை. ஆனால் ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் அவருடைய சைக்கிள் கரியரில் ஏறிக் குந்திக்கொண்டு சுன்னாகத்துக்குப் போவேன். ரோட்டில் சைக்கிள் குலுங்கும்போது கொடியில் கோத்திருந்த தாலியும் பவுண்காசுகளும், நான் அதில் குத்தி வைத்திருக்கும் சட்டை ஊசிகளும் முட்டிக்கொண்டு சின்னதாகச் சத்தம் போடும். எனக்கு அது கேட்டதே இல்லை. அவருக்குக் கேட்கும். "இஞ்சாரும், நீர் ஏறீட்டீரோ எண்டு நான் திரும்பிப் பாக்கத் தேவையில்லை. கொடி சொல்லும்" என்பார். எனக்குப் பெருமை பிடிபடாது.

அப்போதுதான் யுத்தம் முடிந்து கொழும்புக்குப் பாதை திறந்தது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேராத சாமான் இல்லை. காலம் முழுக்கச் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் வரிசையில் நின்ற சனம், வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடிக் கடைகளைப் பார்த்தது. சாமான் வந்த வேகத்திலேயே, தவணைக்கு வண்டி கொடுக்கிற லீசிங் கம்பனிகளும் வந்தன. ஒழுங்கைக்கு ஒழுங்கை புது மோட்டார் சைக்கிள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி புருசனின் பின்னால் பக்கவாட்டில் இருந்துகொண்டு, சேலைத் தலைப்புப் பறக்க, என்னைத் தாண்டிப் போவாள். அதுவரை ஒரு நாளும் நோகாத கரியர் எனக்கு நோகத் தொடங்கியது.

நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். இதை எழுதும்போது மறைக்க ஒன்றுமில்லை. லீசிங் கம்பனியின் குளிரூட்டிய கந்தோர். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி எழுந்து நின்று "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டது. அந்த மரியாதையிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாசம் எவ்வளவு தம்பி?"

அவன் சொன்னான். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாதம் பத்துச் சட்டை கூடத் தைத்தால் சரி. என் கணவர் என் பக்கம் சாய்ந்து, "இஞ்சாரும், விலை என்னெண்டு கேளுமன்" என்று காதோடு சொன்னார்.

"உங்களுக்கு எப்பவும் பயம்" என்றேன், அந்தத் தம்பிக்கும் கேட்கும்படி.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பேனாவை எடுத்தார். காட்டின காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தார். எனக்கு வந்த துணிச்சலில், வரும் வழியில் இன்னொரு கடைக்குள் புகுந்து பிரிட்ஜுக்கும் அதே கேள்வியைக் கேட்டேன். மாசம் எவ்வளவு? அதுவும் நாலு நாளில் வீட்டுக்கு வந்தது. உள்ளே வைக்கத் தண்ணீர்ப் போத்தலைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடிக்கடி திறந்து பார்த்தேன். அதன் வெளிச்சம் அவ்வளவு வடிவு.

ஒரு வருடம் எப்படியோ கட்டினோம். பிறகு சங்கக்கடையில் சம்பளம் மாதக் கணக்காக இழுபட்டது. அந்த வருடம் பார்த்து ரெடிமேட் சட்டைகள் மலிந்து எனக்கும் தையல் குறைந்தது. ஒரு தவணை தவறியது. அதற்கு ஒரு தண்டப்பணம். தண்டப்பணத்தைக் கட்டினால் தவணை தவறும். நான் இரவும் பகலும் தையல் மிசின் மிதித்தேன், கால் வீங்கியது, கடன் இறங்கவில்லை. அவர் ஒரு நாள் கூட "நான் சொன்னனான்தானே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

கோயிலில் மஞ்சத்தில் சாமியை ஏற்றித் தேர்போல இழுக்கிற அன்று பட்டுச்சேலையும் கொடியுமாக மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். சாமி கும்பிட்டுவிட்டு வந்தால், வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். லீசிங் கம்பனி அனுப்பிய மரியாதையான பெடியங்கள். சத்தம் போடவில்லை. "அண்ணை, வண்டித் திறப்பைத் தாங்கோ" என்றார்கள். அவ்வளவுதான். அவர் சட்டைப்பையில் இருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். ஊரே நின்றது. பக்கத்து வீட்டுக்காரியும் நின்றாள். முருகா, பூமி பிளக்காதா என்று நின்றேன். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனால் கடனும் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை. வண்டியை விற்றது போக மிச்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பிரிட்ஜைப் பாதி விலைக்கு விற்றோம். அதுவும் காணாது. கடைசியில் நானே கொடியைக் கழற்றினேன். தாலியை மட்டும் எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு போய் அடைவு வைத்தோம். மீட்கவேண்டிய தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. வட்டி கட்டத் தவறினால் ஏலத்தில் போய்விடும் என்று ரசீதின் அடியில் எழுதியிருந்தது. ஐயா பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். நல்லகாலம், அவர் அதற்கு முன்பே போய்விட்டார். தகப்பன் செத்தது நல்லகாலம் என்று நினைக்க வைத்தது அந்தக் கடன்.

பழைய சைக்கிளில் திரும்பி வந்தோம். தோட்டங்களைத் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்த்தார். சிறிது தூரம் போய் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"இல்லை, நீர் இருக்கிறீரோ எண்டு பாத்தனான். பின்னாலை சத்தமில்லை" என்றார்.

நான் அவரின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வீடு வரும் வரைக்கும் அழுதேன்.

அடுத்த நாள் காலையில் பிட்டை அவித்து வைத்துவிட்டு அவருக்கு முன்னால் இருந்தேன். "இஞ்சாருங்கோ, நாங்கள் எங்கை பிழை விட்டம்?" என்று கேட்டேன்.

"நாங்கள் ஒருத்தரிட்டையும் விலை கேக்கேல்லை. மாசம் எவ்வளவெண்டுதான் கேட்டனாங்கள்" என்றார்.

அந்தச் சொல் எனக்குச் சுள்ளென்று பட்டது. பெரிய படிப்பாளி சொன்னாலும் அப்படி விளங்கியிருக்காது. "அப்ப இனி விலை கேப்பம்" என்றேன். "ஒரு தரமில்லை, மூண்டு தரம். முதல் தரம் ஆசைக்கு. ரெண்டாந்தரம் ஆசை இன்னும் இருக்கோ எண்டு பாக்க. மூண்டாந்தரம் முழுக்காசையும் கையிலை வைச்சுக்கொண்டு. மூண்டாந்தரம் வராமல் ஒரு ஊசியும் வீட்டுக்குள்ளை வரக்கூடாது."

"ஊசியும் எண்டால் நீர் எப்பிடித் தைக்கிறது?" என்று கேட்டார். அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தேன்.

அரிசிக்கும் மருந்துக்கும் அந்தச் சட்டம் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. மாதம் பிறந்தால் முதல் வேலை, ஒரு பால்மா ரின்னுக்குள் 'கொடிக்காசு' போடுவது. அதைத் தொடமாட்டோம். அதில்தான் வட்டியும் முதலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஊருக்கு என்ன சொல்வது? "தங்கம் ஒத்துவரேல்லை, கழுத்திலை ஒரே கடி, சொறிவு" என்று சொன்னேன். அவ்வளவுதான், எங்கள் சனத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒருத்தி வேப்பிலை அரைத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி ஏதோ ஒரு எண்ணெய் தந்து, தன் கண் முன்னாலேயே பூசச் சொன்னாள். நாற்றம் தாங்க முடியாத எண்ணெய். பொய் சொன்ன வாய்க்கு அது வேண்டும் என்று பூசினேன். அந்த எண்ணெயால் ஒரு மாதம் உண்மையாகவே கழுத்துக் கடித்தது.

விலை கேட்கிறது எங்களுக்கு ஒரு பழக்கமாகி, பிறகு ஒரு சந்தோசமாகிவிட்டது. சனி பின்னேரம் முகம் கழுவி, பவுடர் போட்டு, விலை கேட்கப் புறப்படுவோம். மற்றவர்கள் படத்துக்குப் போகிற மாதிரி. கடையில் ஏறி, அலுமாரியைத் திறந்து, கைபிடியைத் தட்டி, கட்டிலில் குந்தி எழும்பி, "என்ன விலை?" என்று கேட்போம். "மாசம் எவ்வளவு கட்டலாமெண்டு சொல்லட்டோ?" என்று கேட்டால் இருவரும் ஒரே குரலில் "வேண்டாம், விலையைச் சொல்லுங்கோ" என்போம். பிறகு நன்றி சொல்லிவிட்டு இறங்கி, ஒரு பைக்கற் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி நடப்போம்.

அந்த நடையில்தான் எங்கள் சண்டை. வாங்காத அலுமாரியை எங்கே வைப்பது என்று. அவர் யன்னலுக்குப் பக்கத்தில் என்பார். "விசர்க்கதை. மழைச்சாரல் பட்டுப் பலகை வீங்கிப்போம்" என்பேன். "மழைக்கு யன்னலைச் சாத்தலாம்தானே." "நீங்களோ சாத்துறது? ஒரு நாளாவது சாத்தியிருக்கிறியளோ?" வெங்காயத் தோட்டங்கள் முடிந்து எங்கள் ஒழுங்கை வந்தும் சண்டை முடியாது. ஒரு தடவை அந்த அலுமாரிக்காக அவரோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். மூன்றாந்தரம் விலை கேட்கப் போகவேண்டிய நேரம் வந்தபோது இருவருக்குமே அந்த அலுமாரி அலுத்துவிட்டது. மனதுக்குள் நாலு மாதம் வைத்திருந்து, துடைத்து, சண்டை பிடித்து, பழசாக்கிவிட்டோம். அப்படி எத்தனை சாமான்கள் வீட்டுக்கு வராமலே பழசாய்ப் போயின.

எங்கள் மகளுக்கு அப்போது பத்து வயது. "அம்மா, உங்களோடை கடைக்கு வந்தால் வெறுங்கையோடைதான் வரவேணும். நான் வரேல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கச்சானில் பங்கு மட்டும் கேட்பாள்.

கடைக்காரர்களில் ஒருவரைச் சொல்லவேண்டும். சந்தைக்குப் பக்கத்தில் மின்சாரச் சாமான் விற்கிற முதலாளி. முதலில் எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவார். அவர்தான் அந்தப் பட்டத்தை வைத்தவர் என்பது என் சந்தேகம். பிறகு, மூன்றாந்தரம் வரும்போது நாங்கள் முழுக்காசையும் எண்ணி வைப்பதைக் கண்டார். ஒரு மின்விசிறி, ஒரு கிரைண்டர், அப்படி. அதற்குப் பிறகு முதல் தரத்துக்கே எங்களுக்குக் கதிரையும் தேத்தண்ணியும் வரும். "தவணைக்குக் குடுத்ததுக்கு நான்தான் காசுக்கு வீடு வீடாத் திரியிறன் அக்கா. நீங்கள் ஆறுதலாக் கேளுங்கோ" என்பார்.

அந்தக் கடையில்தான் என் கணவர் ஒரு பாட்டுச் செற்றைக் கண்டார். இரண்டு பக்கமும் மர ஸ்பீக்கர்ப் பெட்டி வைத்த செற். முதலாளி அதில் ஒரு நாதசுரக் கச்சேரியைப் போட்டார். என் மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கண் மூடியிருந்தது, விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. கலியாணம் செய்த நாள் முதல் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்காத ஆள். "இது என்ன விலை?" என்று அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

அது முதல் தரம். அடுத்த வருடம் இரண்டாந்தரம் கேட்டார். ஆசை அப்படியே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அதை எங்கே வைப்பது என்று நான் சண்டை பிடிக்கவில்லை. அவர் காட்டின இடத்தில் வைப்போம் என்றேன்.

மூன்றாந்தரம் போகிற காசும் சேர்ந்தது. அதே மாதம் கொடியின் கணக்கும் முடிகிற நிலைக்கு வந்தது. அடைவு வைத்து ஏழாவது வருடம். செற்றுக்குச் சேர்த்த காசையும் போட்டால் கொடி அன்றே கைக்கு வரும். போடாவிட்டால் இன்னொரு வருட வட்டி. நான் அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"இதிலை என்ன யோசனை? கொடியை எடும். செற் ஓடிப்போகாது, பேந்து பாப்பம்" என்றார். முகத்தில் ஒரு சுழிப்பில்லை. நானும் சரி என்றேன். ஒரு சொல்லாவது மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கரியரில் ஏறினேன். வழியெல்லாம் காத்திருந்தேன், சத்தம் கேட்குது என்று சொல்வார் என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது கொடியைப் பார்த்து, "இப்பதான் வடிவு" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல். ஏழு வருடத்தில் அந்தச் சத்தத்தையே மறந்துவிட்டாரே என்று.

பிறகு சாமான் விலையெல்லாம் தலைகால் தெரியாமல் ஏறிய காலம் வந்தது. பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை. எங்கள் சைக்கிளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் செற்றின் விலை போகிற போக்கில் எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. "மூண்டாந்தரத்துக்குக் காத்திருந்ததாலை மூண்டு மடங்காப் போச்சு" என்று அவர் பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை. என் சட்டம் அந்த ஒரு விடயத்தில் அவருக்குத் துரோகம் செய்துவிட்டது என்று பட்டது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற காசைத் தனியாக வைத்தேன். போன வருடம், அவருக்குச் சொல்லாமல், மூன்றாந்தரம் விலையைக் கேட்டு, எண்ணி வைத்து, செற்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அவர் அதைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நாதசுரத்தைப் போட்டார். பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். இன்னும் கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"சத்தம் காணாது. முந்தி அங்கை கேட்ட மாதிரி இல்லை. பழசைத் தந்திட்டான் போலை" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து, இவ்வளவு காசு கொடுத்து, பழுதான செற்றா? அதே ஆட்டோவைத் திரும்பக் கூப்பிட்டு, செற்றை ஏற்றிக்கொண்டு போய் முதலாளியின் மேசையில் வைத்தேன். "காசை எண்ணி வைச்ச ஆக்களுக்கு உப்பிடித்தான் செய்யிறதோ? எங்களைப் பாத்தால் விசரர் மாதிரித் தெரியுதோ?" என்று கடை அதிரக் கத்தினேன். முதலாளி வயரைச் செருகி அதே பாட்டைப் போட்டார். கடைக் கண்ணாடி கிடுகிடுத்தது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, செற்றிலை பிழையில்லை" என்றார். பிறகு மெதுவாக, "அண்ணையைப் போன மாசம் ரோட்டிலை கண்டு மூண்டு தரம் கூப்பிட்டனான். அவர் திரும்பேல்லை" என்றார்.

கதிரையில் இருந்துவிட்டேன். எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கோயில் மேளத்தைப் பற்றி அவர் கன காலமாக ஒன்றும் சொல்லவில்லை. நான் குசினிக்குள் சமைத்தபடி கூப்பிட்டால் வருவதில்லை, அதற்கு நான் எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். கொடியை மீட்ட அன்று கரியரில் இருந்து நான் காத்திருந்தேனே. அவர் மறக்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. அவர் என்னிடம் அதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் செலவு என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

டொக்டர் பார்த்தார். யுத்தகாலத்துச் செல் வெடித்த சத்தமும் வயதும் சேர்ந்தது, காதுக்கு மிசின் போட்டால் கேட்கும் என்றார். என் கணவர் தனியாகப் போய் விலை கேட்டுவிட்டு வந்து, "சரிவராது. ரெண்டாந்தரம் வாற வருசம் கேப்பம்" என்றார். என் சட்டத்தை எனக்கே திருப்பி வைத்தார்.

"காசு கிடக்கு" என்று அவர் காதுக்குள் கத்தினேன்.

"எங்காலை காசு? கொடியை மட்டும் தொடக்கூடாது. சொல்லிப்போட்டன். நான் செவிடனா இருந்திட்டுப் போறன்."

விலை கூடின பிறகு ஒரு பவுண் என்ன பெறும் என்று ஊருக்கே தெரியும். அதனால் கொடியை விற்கப்போகிறேனோ என்று அவர் என்னை நம்பவில்லை. நான் போய்ப் பால்மா ரின்னை எடுத்துவந்து அவருக்கு முன்னால் கவிழ்த்தேன். கொடியை மீட்ட பிறகும் மாதம் பிறந்தால் கை தானாக அந்த ரின்னுக்குள்தான் போகும். கடனுக்காகப் பழகின கை, கடன் முடிந்தும் நிற்கவில்லை. எதற்கென்று தெரியாமலே போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்போதும் முழுக்க நம்பின மாதிரித் தெரியவில்லை.

அதனால் மிசின் வாங்கப் போன அன்றைக்குக் கொடியைப் போட்டு, சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் அவரோடு பஸ் ஏறினேன். காது மிசின் கடையில் ஒரு பிள்ளை இருந்தது. "அம்மா, இப்ப முழுக்கக் கட்டத் தேவையில்லை. மாசம் மாசம்..." என்று தொடங்கியது. நல்ல பிள்ளை, தன் வேலையைச் செய்தது.

"மாசம் வேண்டாம் பிள்ளை" என்றேன். ரின்னோடேயே கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறந்து மேசையில் வைத்தேன். "இவருக்கு எது சரியோ அதைப் போடு. உனக்குரியதை எடுத்திட்டு மிச்சத்தைத் தா."

விலை கேட்கவில்லை. அந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கொடியைக் கழற்றிய நாளிலிருந்து விலை கேட்காமல் நான் வாங்கின சாமான் அது ஒன்றுதான்.

அந்தப் பிள்ளை மிசினை அவர் காதில் வைத்து ஏதோ திருகியது. "கேக்குதோ ஐயா?" என்றது. அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, பழக்க தோசத்தில், "என்ன விலை?" என்றார்.

"கேக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டு, ஐயோ, இந்த மனிதர் இன்னும் கொடியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று, அதைத் தூக்கிக் காட்ட அவர் பக்கம் குனிந்தேன்.

அவர் கையை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினார். கண்ணை மூடினார். மேளம் கேட்டால் சோற்றில் கையை நிறுத்துவாரே, அதே முகம்.

"ஒருக்கால் ஆட்டும்" என்றார்.

ஆட்டினேன்.

"உது கொடிச் சத்தம்" என்றார்.